வலை விரிக்கும் இடம்

எசேக்கியேல் 47ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போது நாம் பெரும்பாலும் ஆலயத்திலிருந்து புறப்படும் நதியோடு நின்றுவிடுகிறோம். கணுக்கால், முழங்கால், இடுப்பு எனத் தண்ணீரின் ஆழத்தை அளந்து, ஆவிக்குரிய வாழ்வின் படிகளாக விளக்கி முடித்துவிடுகிறோம். பத்தாம் வசனம் கேட்பாரற்றுக் கிடக்கிறது. உயிர்பெற்ற உப்புக்கடலின் கரையில், என்கேதி முதல் எனெக்லாயிம் வரை மீனவர் நிற்பர்; அது வலைகள் விரிக்கும் இடமாயிருக்கும் என்கிறார் தீர்க்கதரிசி. கோத்திரங்களுக்கு நிலம் பங்கிடும் பேச்சு பதின்மூன்றாம் வசனத்தில்தான் தொடங்குகிறது. பங்கீட்டிற்கு முன்னரே மீனவரின் கரை குறிக்கப்பட்டுவிட்டது.

இதே சொற்றொடர் 26ஆம் அதிகாரத்தில் இருமுறை வருகிறது. அங்கே அது நியாயத்தீர்ப்பு: செல்வம் கொழித்த தீரு வெறும்பாறையாகி, வலை விரிக்கும் இடமாகிவிடும். வணிகன் பாழ் என்று காண்பதை மீனவன் பிழைப்பு என்று காண்கிறான். நமது கடற்கரைகளில் நடைபெறும் நிலவழக்கின் சாரமும் இதுவே.

மீனவக் குப்பத்தின் முன்னுள்ள மணற்பரப்பில் படகுகள் ஏற்றப்படுகின்றன. வலைகள் உலர்கின்றன, பழுது பார்க்கப்படுகின்றன. பெண்கள் கருவாடு காயவைக்கின்றனர். மீன் ஏலம் போகிறது. அது ஊருக்குப் பொது. ஆனால் வருவாய்த்துறைப் பதிவேட்டில் அது பெரும்பாலும் புறம்போக்கு. விடுதி கட்ட வருபவருக்கு அது காலியிடம். நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைப் பறிக்க யேசபேலுக்குப் பொய்ச்சாட்சிகள் தேவைப்பட்டனர். இங்கு அதுவும் வேண்டியதில்லை. பதிவேட்டில் பெயரில்லாமையே போதும்.

சட்டம் கடற்கரையை அறவே மறந்துவிட்டது என்று கூறல் தகாது. கடலோரத்தில் 500 மீட்டரைக் கட்டடங்களின்றிக் காக்குமாறு பிரதமர் இந்திரா காந்தி 1981இல் மாநில முதல்வர்களுக்கு எழுதினார். 1991இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கடல்நீர் ஏறிவரும் உயர்ந்த எல்லைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை, கிராமப்புறக் கரைகளில் புதுக் கட்டடங்களுக்குத் தடை விதித்தது. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 மார்ச்சில் தமிழக அரசு வெளியிட்ட 172ஆம் எண் ஆணை, அந்த 200 மீட்டருக்குள் வாழ்ந்தோர் அப்பால் புது வீடு பெற வேண்டுமாயின் பழைய வீட்டையும் மனையையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. உயிருக்குப் பாதுகாப்பு என்பது மெய்யே. எனினும் கடலைப் பார்த்து நாளைத் தொடங்குபவனுக்கு இல்லம் தூரமாயிற்று. 2019 ஜனவரியில் வெளியான அறிவிக்கையோ, மக்கள் நெருக்கமுள்ள கிராமக் கரைகளில் அத்தடை எல்லையை 50 மீட்டராகக் குறைத்தது. கடற்கரையில் தற்காலிகச் சுற்றுலாக் குடில்களுக்கும் இடமளித்தது. மீனவனை அகற்றக் காட்டிய தூரம், விருந்தினன் வரும்போது சுருங்கிவிட்டதே என்று குப்பத்தார் கேட்பதில் நியாயமுண்டு.

சுற்றுலாவே தீது என்பது என் கருத்தன்று. மாமல்லபுரத்தில் மீனவக் குடும்பங்கள் சில தம் வீடுகளிலேயே விருந்தினருக்கு அறைகள் அமைத்துப் பிழைக்கின்றன. மீன்வளம் குன்றும் நாளில் மகன் வேறு தொழில் தேடுவதை யார் குறைகூறுவர்? ஆனால் மனை தன்னுடையதானால் அவன் விடுதிக்கு உரிமையாளன். இல்லையேல் பிறர் விடுதிக்குக் காவலாளி. தொழில் மாறுவதன்று, எந்த நிலையில் மாறுகிறான் என்பதே வினா. பெண்களின் நிலை இன்னும் கடினம்: கருவாடு காயும் மணல் போனால், அவர்கள் கையில் புழங்கிய காசும் போகிறது.

திருப்பணியாளர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. மீனவக் கிராமங்கள், அவர்தம் பொதுச்சொத்துகள், மீன் உலர்த்துமிடங்கள் ஆகியவை கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் குறிக்கப்பட வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு அறிவிக்கையும் அதன்பின் வந்ததும் விதிக்கின்றன. வரைவுகள் மக்களின் கருத்துக்காக முன்வைக்கப்படுகின்றன. அவ்வேளையில் ஊர்ப் பெரியவர்களோடும் கருவாட்டுப் பெண்களோடும் கரையை நடந்து பார்த்து, எது எதற்குப் பயன்படுகிறது எனக் குறித்து, வரைபடத்தோடு ஒப்பிட்டு, விடுபட்டதை எழுத்தில் தருவது நம் மாணவர்களால் இயலும். அவர்களில் பலர் நம் சபையினர் அல்லர் என்பது தடையாகாது. கடலோரத்தில் தியான இல்லம் வைத்திருக்கும் சபையோ, தன் சுற்றுச்சுவர் எவருடைய வலை காய்ந்த மணலில் நிற்கிறது என்பதை முதலில் விசாரிப்பது நலம்.