முக்காலியில் கேமரா, பூமியும் சுழல்கிறது

2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமியன்று முழுச் சந்திர கிரகணம். மலேசியாவின் லாபிஸில் இரவு 7.20ஐ ஒட்டி நிலா எழும்போதே நிழலுக்குள் இருக்கும். 8.03க்கு முழு மறைப்பு முடிந்துவிடும். அதற்குள் நிலா ஏறக்குறைய பத்துப் பாகைதான் ஏறியிருக்கும் என்பதால் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்றால் ஒன்றும் தெரியாது. இதை விட்டால் அடுத்த முழுக் கிரகணம் 2029 புத்தாண்டு பிறக்கும் இரவில்தான்.

கிரகணத்தைப் படமெடுப்பது பற்றி வரும் வாசகர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. கேமராவை முக்காலியில் மாட்டிய பிறகு ஐஎஸ், விஆர், ஐபிஐஎஸ் என்ற ஆட்டத் தணிப்பு வசதிகளை அணைக்க வேண்டுமா? அணையுங்கள்.

காரணம், அசைவை உணர இந்த வசதிகள் நம்பியிருக்கும் கைரோ என்ற உணரி அளப்பது திரும்பும் வேகத்தை மட்டுமே. எவ்வளவு திரும்பியது என்பதை அந்த வேகத்தைக் கூட்டிக் கூட்டித்தான் கேமரா கணக்கிடுகிறது. அசையாமல் கிடக்கும் கைரோகூடச் சுத்தமான பூஜ்யம் காட்டாது, ஒரு சிறு பிழை இருந்துகொண்டே இருக்கும். 1/60 விநாடியில் அது பொருட்டில்லை. பத்து விநாடி கூடினால், இல்லாத அசைவைத் திருத்தப்போய் சென்சாரோ லென்ஸோ நகர்ந்துவிடும். படம் கலங்கும்.

பிழையே இல்லாத கைரோ கிடைத்தால்? அப்போதும் தீராது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. உங்கள் முக்காலி பூமியோடு சேர்ந்து மணிக்கு 15 பாகை சுழல்கிறது. துல்லியமான கைரோ அதையும் கை நடுக்கமாகவே எடுத்துக்கொண்டு திருத்தும். விண்மீன்கள் நிற்கும், எதிரே உள்ள மரம் இழுபடும். 2016இல் ஒலிம்பஸ் தரப்பே ஆட்டத் தணிப்பில் 6.5 ஸ்டாப்புக்கு மேல் போகப் பூமியின் சுழற்சி தடையாக இருப்பதாகச் சொன்னது. பென்டாக்ஸோ 2011இலேயே ஜிபிஎஸ் கருவி ஒன்றைச் சேர்த்து, வேண்டுமென்றே சென்சாரை நகர்த்தி விண்மீன்களைப் பின்தொடர வைத்தது.

விளம்பரங்கள் சொல்லும் ‘8 ஸ்டாப்’ எண்ணை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபாவின் அளவுகோல், கை நடுக்கத்தைப் போல ஆட்டும் மேடையில் வைத்துச் சோதிப்பது. முக்காலியில் என்ன நடக்கும் என்பதை அது சொல்வதில்லை. ‘முக்காலியைத் தானே அறியும்’ என்ற வாசகமும் அப்படித்தான். ஆட்டம் குறைவாக இருப்பதைப் பார்த்துக் கேமரா செய்யும் ஊகம் அது. சில புதிய மாடல்கள் சரியாகவே ஊகிக்கின்றன, மறுக்கவில்லை. உங்களுடையது எப்படி என்று இன்றிரவே தெருவிளக்கைப் பத்து விநாடி வைத்து, ஆட்டத் தணிப்பைப் போட்டு ஒன்றும் அணைத்து ஒன்றும் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கிரகணத்துக்கு ஷட்டரை எத்தனை விநாடி திறந்து வைக்கலாம்? 400 மி.மீ. லென்ஸும் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேமும் என்றால் நிலா விநாடிக்குச் சுமார் ஐந்து பிக்சல் நகரும். கால் விநாடிக்குள் முடித்து, ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்.

ஒற்றைக்கால் தாங்கி? அது கையில் பிடிப்பது போலத்தான், அணைக்க வேண்டாம்.

காற்றடித்தால்? நடுத்தண்டை இறக்குங்கள்.

விரலால் பொத்தானை அழுத்தலாமா? வேண்டாம், இரண்டு விநாடி டைமர் போதும்.

8.03ஐத் தவறவிட்டால்? பகுதி மறைப்பு 9.17 வரை உண்டு.