பிரிண்டர் வாங்கும் முன் தாளைத் தொட்டுப் பாருங்கள்

வீட்டில் இந்த நான்கு தாள்களைத் தேடி எடுங்கள்: வங்கி பாஸ்புக், சூப்பர் மார்க்கெட் பில், பிள்ளையின் பள்ளி புராஜெக்டுக்காக இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த கலர் படம், ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஆதார் நகல்.

பாஸ்புக்கின் அச்சடித்த பக்கத்தைத் திருப்பி, பின்புறத்தில் விரலை ஓட்டுங்கள். எழுத்துகள் இருந்த இடத்தில் லேசாக மேடு தட்டும். சூப்பர் மார்க்கெட் பில்லை நகத்தால் அழுத்தி ஒரு கீறு கீறுங்கள். பேனாவே இல்லாமல் கறுப்புக் கோடு விழும். கலர் படத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால், பெரும்பாலும் நிறம் கரைந்து ஓடும். ஆதார் நகலில் அதே சொட்டை விடுங்கள். தாள் நனையும், எழுத்து அசையாது.

தாளில் எழுத்தைப் பதிக்க மனிதன் கண்டுபிடித்த நான்கு வழிகளை இப்போது தொட்டுப் பார்த்துவிட்டீர்கள். கடைக்கோ அலுவலகத்துக்கோ பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் விலை, வேகம், கம்பெனி பெயர் மூன்றையும் விசாரிக்கிறார்கள். தாளில் எழுத்து எப்படி ஒட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஒரு பிரிண்டரின் பலமும் பலவீனமும் பிறப்பது அங்கேதான்.

பொடியை உருக்கி ஒட்டும் லேசர்

1938 அக்டோபர் 22. நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதி. காப்புரிமை ஆவணங்களோடு மாரடித்துக்கொண்டிருந்த செஸ்டர் கார்ல்சன், ஓட்டோ கோர்னி என்ற உதவியாளரோடு ஒரு சோதனை செய்தார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றினார்கள். தேதியும் ஊரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்து வெளிச்சம் காட்டினார்கள். பிறகு ஒரு தாவரத்தின் நுண்பொடியைத் தூவி ஊதினார்கள். வெளிச்சம் படாத எழுத்துகளின் மேல் மட்டும் பொடி ஒட்டி நின்றது. அதை மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடாக்கியதும் எழுத்து தாளில் நிலைத்தது. 'உலர் எழுத்து' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து இந்த முறைக்கு ஜெராகிராபி என்று பெயர் வந்தது. நம் ஊர் 'ஜெராக்ஸ்' அதன் வழிவந்த சொல்தான்.

பெரிய நிறுவனங்கள் பலவும் கார்ல்சனைத் திருப்பி அனுப்பின. அவரது கண்டுபிடிப்பு ஜெராக்ஸ் 914 என்ற வெற்றிகரமான இயந்திரமாகச் சந்தைக்கு வர 1959 ஆகிவிட்டது. ஜெராக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த கேரி ஸ்டார்க்வெதர் இன்னொரு படி போனார். மூல ஆவணத்தைப் படம் பிடிப்பதற்குப் பதிலாக, கணினி சொல்லும் எழுத்தை லேசர் கதிரால் உருளையில் வரைந்தால் என்ன? அந்த யோசனை 1977இல் நிமிடத்துக்கு 120 பக்கம் அடிக்கும் ஜெராக்ஸ் 9700 ஆக வெளிவந்தது.

இன்று மேசை மேல் உட்கார்ந்திருக்கும் லேசர் பிரிண்டருக்குள் நடப்பதும் அதுவே. டிரம் எனப்படும் உருளை முழுவதும் மின்னேற்றம் பெறுகிறது. லேசர் பட்ட புள்ளிகளில் அந்த மின்னேற்றம் வடிந்துவிடுகிறது. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டோனர் பொடியைப் பிடித்து இழுப்பதும் அந்த நிலைமின் விசைதான். பொடி போய் ஒட்டிய எழுத்து, தாளுக்கு மாறுகிறது. கடைசியில் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும் ஃபியூசர் உருளைகளுக்கு நடுவே தாள் நுழைகிறது. டோனர் என்பது மை அல்ல, நிறமி கலந்த பிளாஸ்டிக் பொடி. ஒரு துகளின் அளவு தலைமுடித் தடிமனில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அது உருகித் தாளின் நார்களைப் பற்றிக்கொள்கிறது. ஆதார் நகலைத் தண்ணீரால் கரைக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

பொடி உலர்ந்தே இருப்பதால் லேசர் பிரிண்டரை இரண்டு மாதம் மூடி வைத்தாலும் டோனர் கெடாது. ஆனால் சூடுதான் இதன் செலவு. ஃபியூசர் சூடேறும்போது பல நூறு வாட் மின்சாரம் இழுக்கும். கம்ப்யூட்டருக்கென்று வாங்கிய சின்ன யு.பி.எஸ்.ஸில் லேசரைச் செருகினால், பிரிண்ட் கொடுத்த நொடியே யு.பி.எஸ். கத்திவிட்டு அணைந்துவிடக்கூடும்.

துளியைத் துப்பும் இங்க்ஜெட்

இங்க்ஜெட்டின் கதையில் ஒரு சூட்டுக்கோல் வருகிறது. 1977இல் ஜப்பானின் கேனான் நிறுவன ஆய்வகத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசி மேல் சூடான சால்டரிங் கோல் தற்செயலாகப் பட்டது. ஊசி முனையிலிருந்து மை பீறிட்டது. பார்த்துக்கொண்டிருந்த இச்சிரோ எண்டோ, குழாய்க்குள் நொடிப்பொழுது சூட்டால் குமிழி உண்டாக்கினால் மைத்துளியை வெளியே தள்ளலாம் என்று புரிந்துகொண்டார். சில நிறுவனங்கள் இன்றும் இந்தக் குமிழி முறையில்தான் அச்சடிக்கின்றன. எப்சன் வேறு வழியைப் பிடித்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அதையே தலைகீழாக்கி, படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது நெளியும். அந்த நெளிவே மையைப் பிதுக்கித் தள்ளுகிறது.

ஒரு துளியின் அளவு சில பிகோலிட்டர்தான். லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு பிகோலிட்டர். இவ்வளவு நுண்ணிய துளிகளால் வரைவதால்தான் புகைப்படமும் பூக்கோலமும் இங்க்ஜெட்டில் அழகாக விழுகின்றன. சூடேற்ற ஃபியூசர் இல்லாததால் மின்சாரமும் கொஞ்சம்தான்.

ஆனால் மையின் பெரும்பகுதி தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளை வாயில் தண்ணீர் ஆவியாகிவிட்டால், சாயம் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

மாயவரத்தில் ஒரு மே மாதம்

இதை நான் கண்ணால் பார்த்தது மாயவரத்தில். தங்கை கணவர் வழக்கறிஞர். ஒரு பக்கத்துக்குப் பத்து பைசாதான் என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பாட்டிலிலிருந்து மை ஊற்றி நிரப்பும் இங்க்ஜெட்டான இங்க் டேங்க் பிரிண்டர் வாங்கினார். கணக்கு தப்பில்லை. நான்கு மாதம் அருமையாக ஓடியது. பிறகு கோர்ட் கோடை விடுமுறை வந்தது. மே மாதம் முழுக்க அலுவலகம் பூட்டிக் கிடந்தது. ஜூனில் திறந்து முதல் மனுவைப் பிரிண்ட் கொடுத்தால், வரிக்கு வரி வெள்ளைக் கோடு. மைத்துளையின் அடைப்பை நீக்கும் ஹெட் கிளீனிங்கை ஏழெட்டுத் தடவை ஓட்டினார். பாட்டிலில் மை இறங்கியது, கோடு போகவில்லை.

சர்வீஸ் பையன் வந்து தாளைத் தூக்கிப் பார்த்தான். "சார், மெஷின்ல குறை இல்ல. ஹெட் காஞ்சிருச்சு. வாரத்துக்கு ஒரு கலர் பக்கமாவது ஓட விட்டிருக்கணும்."

"ஒரு மாசம் லீவுப்பா, யாரு வந்து ஓட்டுறது?"

"அப்ப உங்களுக்கு இது சரிப்படாது சார். லேசர் வாங்கிடுங்க."

கிளீனிங்கில் உறிஞ்சப்பட்ட மை எங்கே போகிறது என்றும் அவன் காட்டினான். இயந்திரத்தின் அடியில் பஞ்சுபோன்ற ஒரு திண்டு கறுத்து ஊறிக் கிடந்தது. அது நிரம்பிவிட்டதாகக் கணக்கு எட்டினால் பிரிண்டர் வேலை நிறுத்தம் செய்துவிடும். மாற்றினால்தான் மறுபடி ஓடும். பத்து பைசாக் கணக்கில் இந்தத் திண்டை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடித்துப் பதிப்பதும் சுட்டுக் கறுப்பதும்

பாஸ்புக்கில் விரலுக்குத் தட்டிய மேடு, டாட் மேட்ரிக்ஸ் ஊசிகள் அடித்த அடி. 9 அல்லது 24 ஊசிகள் ரிப்பனைத் தாளின் மேல் அடித்துப் புள்ளி புள்ளியாக எழுதுகின்றன. காது கிழியும் சத்தம், மெதுவான வேகம். இருந்தும் லாரி புக்கிங் ஆபீஸ்களிலும் மொத்த வியாபாரக் கடைகளிலும் இது இன்னும் ஓய்வு பெறவில்லை. ஜி.எஸ்.டி. விதிப்படி சரக்கு விற்பவர் பொதுவாக வாங்குபவருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று, தனக்கு ஒன்று என மூன்று பிரதி பில் போட வேண்டும். லேசரில் மூன்று முறை அச்சடிக்கலாம்தான். ஆனால் கார்பன் தாளை ஊடுருவி ஒரே அடியில் மூன்றையும் எழுதித் தருவது ஊசியால் மட்டுமே முடியும். லேசரும் இங்க்ஜெட்டும் தாளை அடிப்பதே இல்லை.

நகத்தால் கீறியதும் கறுத்த பில், தெர்மல். இதில் மையும் இல்லை, டோனரும் இல்லை. சூடு பட்டால் கறுக்கும் வேதிப்பூச்சு தாளிலேயே இருக்கிறது. பில் கவுன்டருக்கு இதைவிடத் தோதானது கிடையாது. ஆனால் வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கிவிடும். பிரிட்ஜுக்கோ மிக்ஸிக்கோ வாரண்டி பில் இந்தத் தாளில் வந்தால், அன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். இந்தப் பூச்சில் பயன்பட்ட பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020 முதல் கடும் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. நாளெல்லாம் பில் கிழித்துக் கொடுக்கிறவர்களுக்காக, பிஸ்பினால் கலக்காத ரோல் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு பக்கத்துக்கு என்ன விலை?

இனி பணக் கணக்கு. கீழே வருபவை கணக்குப் புரிவதற்கான எண்கள்தான். கடையில் அன்றைய விலையைப் போட்டு நீங்களே செய்துபாருங்கள்.

மாதம் 500 பக்கம், மூன்று வருடம் என்றால் 18,000 பக்கம். ஒரு கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட்டின் விலை 4,000 ரூபாய். 800 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 200 பக்கம் வரும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 4 ரூபாய். மூன்று வருட மொத்தச் செலவு 76,000. லேசர் 14,000 ரூபாய். 1,800 ரூபாய் டோனர் 1,500 பக்கம் வந்தால் பக்கத்துக்கு 1 ரூபாய் 20 பைசா. மொத்தம் 35,600. இங்க் டேங்க்கும் 14,000 ரூபாய். 500 ரூபாய் பாட்டில் 5,000 பக்கம் வந்தால் பத்து பைசா. மொத்தம் 15,800.

வாங்கும்போது மலிவாகத் தெரிந்ததுதான் மூன்று வருடத்தில் மற்ற இரண்டையும் விழுங்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அடுத்து, லேசருக்கும் இங்க் டேங்க்குக்கும் உள்ள வித்தியாசத்தை மாதக் கணக்கில் பாருங்கள்: 550 ரூபாய். தினமும் தவறாமல் அடிக்கிறவருக்கு அது வீண் செலவு. நாளைக்குக் கடைசித் தேதி என்ற நிலையில் மனு அடிக்க உட்காரும் வழக்கறிஞருக்கு, அது நிம்மதிக்கான விலை.

பெட்டியில் போட்டிருக்கும் '1,500 பக்கம்' என்ற எண்ணையும் நிதானமாகப் படியுங்கள். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வகுத்த சோதனைப் பக்கங்களை அச்சடித்து எடுத்த எண் அது. பக்கப் பரப்பில் ஏறக்குறைய 5 விழுக்காடு மட்டுமே கறுப்பு இருக்கும் சாதாரணக் கடிதம் போன்றது அந்தப் பக்கம். நீங்கள் லோகோவும் பட்டையும் போட்டுப் பில் அடித்தால் எண் மளமளவென்று குறையும். புது இயந்திரத்தோடு வரும் டோனர் பல சமயம் முழு அளவு நிரப்பப்பட்டிருக்காது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'மாத டியூட்டி சைக்கிள்' என்று போட்டிருப்பது இயந்திரம் தாங்கும் உச்ச வரம்பு. நீங்கள் பார்க்க வேண்டியது 'பரிந்துரைக்கப்படும் மாத அளவு'. அது மிகக் குறைவாக இருக்கும்.

காற்றும் காகிதமும்

காகிதம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் லேசரிலிருந்து வெளிவரும் தாளின் மேல் ஆவி பறப்பதைக் கவனித்திருப்பீர்கள். தாள் குடித்த ஈரம் ஃபியூசரின் சூட்டில் வெளியேறுகிறது. அப்படிப்பட்ட தாள் சுருளும், சிக்கும், டோனரையும் சரியாகப் பிடிக்காது. கடலோர ஊர்களில் 'பேப்பர் ஜாம்' என்று சர்வீஸுக்கு போன் செய்யும் முன், ரீம் கவர் பிரிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தேவைக்கு எடுத்துக்கொண்டு மீதியைக் கவருக்குள் மடித்து வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

70, 75, 80 என்று கவரில் போட்டிருக்கும் ஜி.எஸ்.எம்., ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை. ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால் 80 ஜி.எஸ்.எம். தாள் சரியாக 5 கிராம். கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நம் அலுவலகங்களில் ஓடும் தாளில் அதுவும் கலந்திருக்கிறது. எந்தத் தாளானாலும் மிக மெலிதானதை வாங்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இரண்டு தாள் சேர்ந்து உள்ளே போகும் தொல்லை அதிகம்.

டோனர் கையிலோ சட்டையிலோ கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இளகித் துணியைப் பிடித்துக்கொள்ளும்.

கடைக்குப் போகும் முன்

ஒரு மாதம் பொறுங்கள். இப்போது பிரிண்ட் எடுக்கும் இடத்தில் ஒரு தாளை ஒட்டி, எத்தனை பக்கம், கறுப்பா கலரா என்று தினமும் கோடு போட்டு வாருங்கள். எத்தனை நாள் ஒரு கோடுகூட விழவில்லை என்பதையும் எண்ணுங்கள். பிறகு ஒவ்வொரு வகைத் தாளையும் பற்றி ஒரே கேள்வி: இது யார் கையில், எவ்வளவு காலம் இருக்கப் போகிறது? ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் கிடக்க வேண்டிய பத்திரத்துக்கும் விட்டு விட்டு நடக்கும் வேலைக்கும் லேசர். தினமும் தவறாமல் கலர் அடிக்கும் ஸ்டூடியோவுக்கும் டியூஷன் சென்டருக்கும் இங்க் டேங்க். லாரியோடு போகும் மூன்று பிரதிக்கு டாட் மேட்ரிக்ஸ். பத்து நிமிடத்தில் குப்பைக்குப் போகும் பில்லுக்கு தெர்மல்.

தங்கை கணவரின் அந்த இங்க் டேங்க் பிரிண்டர் வீணாகவில்லை. ஹெட்டைச் சுத்தம் செய்து, தங்கை அதை வீட்டு மாடிக்கு எடுத்துப் போனாள். அங்கே அவள் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு இருபது பிள்ளைகளுக்குக் கலர் கலராக ஒர்க் ஷீட் அடிக்கிறாள். அதன்பின் ஒரு நாளும் அது அடைத்துக்கொள்ளவில்லை. கீழே அலுவலகத்தில் லேசர். போன நவம்பர் மழையில் ஜன்னலோரம் இருந்த கேஸ் கட்டு ஒன்று நனைந்துவிட்டது. மின்விசிறிக்கடியில் தாள் தாளாகப் பரப்பிக் காய வைத்தார்கள். தாள் மொரமொரப்பாகிச் சுருங்கிப்போனது. எழுத்து ஒன்றுகூடக் கலையவில்லை.