உங்களுக்குத் தெரியுமா? மைக் பிடித்த நிஷா

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி வரும். பிக் பாஸ் தமிழ் நான்காவது சீசனுக்காக 2020 அக்டோபரில் அங்கே நுழைந்தவர்களில் ஒருவர், மேடைக் காமெடியையே தொழிலாகக் கொண்ட முஸ்லிம் பெண். பெயர் அறந்தாங்கி நிஷா.

  

நிஷாவுக்குப் பேர் வாங்கித் தந்தது விஜய் டி.வி.யின் ‘கலக்கப் போவது யாரு?’. ஐந்தாவது சீசனில் இரண்டாமிடம். புதுக்கோட்டை மாவட்டத்துப் பேச்சு வழக்கை மாற்றிக்கொள்ளாமல், ஊர்ப் பெயரையும் விடாமல் மேடையேறினார். பின்னாளில் ‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் சின்னத்திரை’யில் கணவர் ரியாஸோடு கலந்துகொண்டார். ‘பொம்பளை சிரிச்சா போச்சு’ என்று பழமொழி சொல்லி வளர்த்த ஊரில், மனைவி ஊரையே சிரிக்க வைக்க, கணவர் பக்கத்தில் நின்றார். இது சின்ன விஷயமில்லை.

ஒரு வருத்தமும் உண்டு. தன் கறுப்பு நிறத்தை வைத்தே நிஷா நிறைய ஜோக் சொல்லியிருக்கிறார். மற்றவர்களும் அவரை வைத்துச் சொன்னார்கள். நிறத்தைக் கேலி செய்வது நம் சின்னத்திரை காமெடியைப் பிடித்த நோய். அவருடைய டைமிங்குக்கு அது தேவையே இல்லை.

தொலைக்காட்சி காமெடிக்கு முன்பே நமக்குப் பட்டிமன்றம் இருந்தது. அந்த மேடையில் தமிழ்ப் பேராசிரியர் பர்வீன் சுல்தானா நகைச்சுவையும் இலக்கியமும் கலந்து பேசி அரங்குகளைக் கட்டிப்போட்டவர்.

நிஷாவைப் போல மேடைக் காமெடியில் பேர் வாங்கிய முஸ்லிம் பெண்கள் வேறு ஊர்களிலும் உண்டு. மும்பையில் வசிக்கும் உரூஜ் அஷ்ஃபாக், ‘ஓ நோ!’ என்ற நிகழ்ச்சிக்காக 2023-இல் எடின்பரோ காமெடி விருதுகளில் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். பிரிட்டனின் ஷாசியா மிர்சா காமெடிக்கு வருமுன் அறிவியல் ஆசிரியை. பாலஸ்தீன வம்சாவளி அமெரிக்கரான மேசூன் சாயித், பெருமூளை வாதத்தோடு பிறந்தவர். 2003-இல் நியூயார்க்கில் அரபு அமெரிக்க நகைச்சுவை விழாவைத் தொடங்கிய இருவரில் ஒருவர்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரக் கல்லூரிகளில் ஆண்டு விழா நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காமெடிக்குப் பேர் கொடுக்கும் மாணவியை ‘கோரஸில் நில்லும்மா’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். பத்து நிமிஷம் மைக்கைக் கொடுத்துப் பாருங்கள்.