யானையும் மிளகாயும்



கடந்த ஆகஸ்ட் விடுமுறையில், அப்பா அம்மாவின் 25ஆவது திருமண நாளையொட்டி, நாங்கள் நால்வரும் ஆப்பிரிக்காவிலுள்ள சாம்பியாவுக்குப் போனோம். மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டன் 1855இல் கண்டு, விக்டோரியா மகாராணியின் பெயரைச் சூட்டிய நீர்வீழ்ச்சி அங்கேதான் இருக்கிறது. ஊர்மக்கள் அதற்கு முன்பே வைத்திருந்த பெயர் மோசி-ஓவா-துன்யா, அதாவது 'முழங்கும் புகை'. அதற்குச் சற்று மேலே, சாம்பெசி ஆற்றங்கரையில், ஒரு சஃபாரி விடுதியில் மூன்று இரவுகள் தங்கினோம்.

விடுதியில் ஒரு குறையும் இல்லை. படுக்கையிலிருந்தே ஆறு தெரிந்தது. இருட்டிய பின் மட்டும் தனியே நடக்கக் கூடாது. நீர்யானைகள் இரவில் புல் மேயக் கரையேறும் என்பதால், காவலர் ஒருவர் விளக்கோடு அறைவரை கூடவே வந்தார்.

மழையில்லாத காலம். ஆகவே யானைகள் ஆற்றைத் தேடி வந்தன. இரண்டாம் நாள் மாலை, குட்டிகளோடு ஒரு கூட்டம் ஆற்றை நீந்திக் கடப்பதைப் படகிலிருந்து பார்த்தோம். எங்களுக்குப் படம் எடுத்து மாளவில்லை. படகோட்டி அண்ணன் மட்டும் பேசாமல் இருந்தார்.

"உங்களுக்கு யானை பிடிக்காதா?" என்று தம்பி கேட்டான்.

"மார்ச் மாதம் எங்கள் மக்காச்சோளம் முற்றும். அப்போது இவை இரவில் வரும். ஒரு வருடச் சாப்பாடு ஒரே இரவில் போய்விடும். அம்மா வயலிலேயே படுத்து, தகரம் தட்டிக் காவல் இருப்பார்" என்றார்.

"எப்படி விரட்டுவீர்கள்?"

"மிளகாய்தான்!"

எங்கள் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மிளகாய்த்தூளை யானைச் சாணத்தோடு பிசைந்து, கட்டிகளாகக் காயவைத்து, இரவில் வயலோரம் கொளுத்துவார்களாம். நெடி தாங்காமல் யானை திரும்பிவிடும். பழைய எஞ்சின் எண்ணெயில் மிளகாயைக் குழைத்துக் கயிற்றில் பூசி, வேலியாகக் கட்டுவதும் உண்டு. யானையைக் கொல்ல வேண்டியதில்லை.

"அப்படியானால் யானைகளே இல்லாவிட்டால் நல்லதா?" என்று அப்பா கேட்டார்.

அவர் சிரித்தார். "யானை இல்லையென்றால் நீங்கள் வருவீர்களா? நீங்கள் வராவிட்டால் என் தங்கை எப்படிப் படிப்பாள்?"

எங்களில் யாரும் பதில் சொல்லவில்லை.

மக்காச்சோள மாவில் கிண்டும் களிக்கு அங்கே 'ன்ஷிமா' என்று பெயர். இரண்டு இரவும் அதைத் தொடாமல் கடந்து போனோம். கடைசி இரவு நாங்களே கேட்டு வாங்கி, ஆற்று மீன் குழம்போடு சாப்பிட்டோம். தட்டில் ஒரு பிடிகூட மிச்சம் வைக்கவில்லை.