நிற்கும் டிராக்டர், ஓடும் தவணை

கடன் தீரும் முன்பே என்ஜின் படுத்துவிட்டால் பஞ்சாப் விவசாயிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பில்கள். எதை முதலில் கட்டுவது என்ற முடிவில்தான் அவரது நிலத்தின் கதி இருக்கிறது.

பஞ்சாபில் நவம்பர் மாதம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நெல்லை அறுத்த கையோடு வைக்கோலை மடக்கி உழுது, மாத நடுப்பகுதிக்குள் கோதுமையை விதைத்தாக வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் விளைச்சலைத் தின்னும். இந்தச் சில வாரங்களில்தான் டிராக்டர் இரவு பகலாக உழைக்கிறது. அது மக்கர் செய்வதும் பெரும்பாலும் இதே வாரங்களில்தான்.

அறிகுறிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதலில் நீலப் புகை வரும். பிறகு இழுவை குறையும். ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்து என்ஜின் கொதிக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் போல வெளுத்திருக்கும். ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது என்று மிஸ்திரி சொல்லும்போது, டிராக்டரின் சொந்தக்காரர் மனதில் ஓடுவது என்ஜின் அல்ல, பணம். டிராக்டருக்கான கடன் இன்னும் பாதிகூட அடைபட்டிருக்காது.

இந்தியா உலகின் மிகப் பெரிய டிராக்டர் சந்தை. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் இங்கே விற்கின்றன. பெரும்பாலானவை கடனில். பசுமைப் புரட்சியின் தொட்டிலான பஞ்சாபில் மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் உள்ளன. 2015-16 விவசாயக் கணக்கெடுப்பின்படி அங்குள்ள பண்ணைகளோ சுமார் 11 லட்சம். அதாவது ஏறக்குறைய இரண்டு பண்ணைக்கு ஒரு டிராக்டர். ஒரு டிராக்டர் கட்டுப்படியாக வேண்டுமானால் ஆண்டுக்கு 1,000 மணி நேரமாவது ஓட வேண்டும் என்பது வேளாண் பொறியாளர்களின் பழைய அளவுகோல். பஞ்சாபில் பல டிராக்டர்கள் அதில் பாதிகூட ஓடுவதில்லை. ஓடாத நாட்களுக்கும் வட்டி உண்டு.

வைக்கோல் பிரச்சினை இந்தச் சுமையை இன்னும் ஏற்றிவிட்டது. வயலில் வைக்கோலை எரிக்கத் தடை. எரிக்காமல் கோதுமை விதைக்க உதவும் சூப்பர் சீடர் போன்ற கருவிகளை இழுக்க 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் தேவை. 35 குதிரைத்திறன் வண்டியோடு ஒப்பேற்றிக்கொண்டிருந்தவர்களும் பெரிய வண்டிக்கு மாறினார்கள். வண்டியோடு சேர்ந்து கடனும் பெரிதாகியது.

கணக்கு சொல்லும் கதை

எட்டு ஏக்கர் சொந்தக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். டிராக்டர் விலை ரூ. 8 லட்சம். கையிலிருந்து ஒன்றரை லட்சம் போக, மீதி ஆறரை லட்சம் ஐந்தாண்டுக் கடன். வட்டி 14 சதவீதம் என்றால், அறுவடையை ஒட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டிய தவணை சுமார் ரூ. 92,500. வருடத்துக்கு ரூ. 1.85 லட்சம். ஏக்கருக்குப் பிரித்தால் ரூ. 23,000-க்கு மேல். டீசல், ஆயில், டயர் எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகத் தவணை கட்டிய பிறகும் ரூ. 4.4 லட்சம் பாக்கி நிற்கும். இந்தக் கட்டத்தில் என்ஜின் படுத்து, ஒர்க்ஷாப் ரூ. 1.2 லட்சத்துக்கு மதிப்பீடு நீட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025-இல் மத்திய அரசின் கோதுமைக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு ரூ. 2,425. ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைந்தாலும், பழுதுக்கு மட்டும் இரண்டரை ஏக்கர் கோதுமை முழுசாகப் போய்விடும்.

வழக்கமாக அவர் போய் நிற்கும் இடம் ஆர்த்தியாவின் கடை. தானிய மண்டியின் கமிஷன் ஏஜெண்டான ஆர்த்தியாதான் தலைமுறை தலைமுறையாகப் பஞ்சாப் விவசாயியின் அவசர வங்கி. 2021 முதல் கொள்முதல் பணம் நேரடியாக விவசாயியின் கணக்குக்கே போகிறது. ஆனாலும் கல்யாணமோ ஆஸ்பத்திரியோ என்ஜினோ, அவசரம் என்றால் கதவைத் தட்டுவது அங்கேதான். பாரம் இல்லை, ஜாமீன் இல்லை. வட்டிதான் மாதம் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம். 1.2 லட்சத்துக்கு இரண்டு சதவீதம் என்றால், ஆறு மாதத்தில் வட்டி மட்டும் ரூ. 14,400. அறுவடை பொய்த்தால் அது அசலோடு சேர்ந்து அடுத்த பருவத்துக்குத் தாவும். பல குடும்பங்கள் கடன் வலையில் சிக்கியது பெரிய கடனால் அல்ல, இப்படிச் சேர்ந்த சில்லறைக் கடன்களால்.

மறந்துபோன 20 சதவீதம்

இதே பணம் இதைவிட மிக மலிவாகக் கிடைக்கும் வழி ஒன்று உண்டு. 1998-இல் அறிமுகமான கிசான் கிரெடிட் கார்டைப் பயிர்க் கடன் அட்டையாகத்தான் பெரும்பாலோர் பார்க்கிறார்கள். 2012-இல் திருத்தப்பட்ட திட்டத்தின்படி, பயிருக்கான கடன் வரம்போடு வீட்டுச் செலவுக்கு 10 சதவீதமும், பண்ணைச் சொத்துகளின் பழுது, பராமரிப்புக்கு 20 சதவீதமும் கூட்டிக் கணக்கிட வேண்டும். டிராக்டர் என்ஜின் இந்த 20 சதவீதத்துக்குள் வரும்.

பயிர் வரம்பு ரூ. 2 லட்சம் என்றால் பழுதுக்கான பங்கு ரூ. 40,000. முழு பில்லுக்கு இது போதாதுதான். ஆனால் ரூ. 3 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி 7 சதவீதம். காலத்தில் திருப்பிக் கட்டினால் 4 சதவீதம். அந்த 40,000-க்கு ஆறு மாத வட்டி ஆர்த்தியாவிடம் ரூ. 4,800, வங்கியில் ரூ. 800. வரம்பு சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. கேட்காமல் எடுத்துச் சொல்லும் கிளைகளும் குறைவு.

விவசாயிகள் பெரிதும் நம்பி ஏமாறும் இன்னொரு காகிதம் இன்ஷூரன்ஸ். கடன் தரும்போதே பிரீமியம் பிடித்துவிடுவதால், எல்லாவற்றுக்கும் அது கைகொடுக்கும் என்ற எண்ணம். வழக்கமான மோட்டார் பாலிசி விபத்தையும் திருட்டையும்தான் பார்க்கும். இயந்திரக் கோளாறு அதில் கிடையாது. அதற்குக் கைகொடுக்க வேண்டியது கம்பெனியின் வாரண்டி. கம்பெனியில் சர்வீஸ் செய்த பதிவேடு இல்லையென்றால் அந்த வாரண்டியும் நிற்காது. நூறு, இருநூறு மிச்சம் என்று வெளியில் ஆயில் மாற்றியவர்கள் வருந்துவது இங்கேதான்.

ஒர்க்ஷாப் வாசலில்

டிராக்டரை அவிழ்த்துப் போட்ட பிறகு பேரம் பேச முடியாது. வேலையைச் செய்தவர் கூலி வரும் வரை பொருளைத் தன்னிடமே வைத்துக்கொள்ள இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு உரிமை தருகிறது. ஆக வண்டி ஒர்க்ஷாப்பில் சிறை. தவணை கேட்டு பைனான்ஸ் கம்பெனி வீட்டில். விதைக்காத நிலம் வெளியில். மூன்றுக்கும் நடுவில் விவசாயி.

அதனால் முதல் வேலை, அவிழ்க்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குவது. உதிரிபாகம் தனி, கூலி தனி. அதை இரண்டாகப் பிரிக்கலாம்: இப்போதே செய்தாக வேண்டியது, பருவம் முடிந்து செய்யக்கூடியது. ஹெட் கேஸ்கட் மட்டும் போயிருந்தால் முழு ஓவர்ஹால் தேவையில்லை. கம்ப்ரஷன் சோதித்தால் லைனர், பிஸ்டனின் நிலை தெரிந்துவிடும். டீசல் பம்பைப் புதிதாக வாங்குவதற்குப் பதில் காலிபரேஷன் செய்தாலே பல நேரம் போதும். கிராங்க் ஷாப்ட்டைக் கடைந்து அளவு குறைத்து மறுபடி போடலாம். பஞ்சாப் சிறுநகரங்களின் மிஸ்திரிகள் இதில் கைதேர்ந்தவர்கள். கூலியும் கம்பெனி ஒர்க்ஷாப்பைவிடக் குறைவு. ஆபத்து போலி உதிரிபாகங்களில்தான். பில்லோடு வாங்குவதும், கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் பாதுகாப்பு.

ஆனால் மிஸ்திரியின் காலமும் மாறிக்கொண்டிருக்கிறது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புதிய என்ஜின்களில் எலக்ட்ரானிக் கட்டுப்பாடு. கோளாறைக் கண்டுபிடிக்கவே கம்பெனியின் கருவி வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் 'பழுதுபார்க்கும் உரிமை'க்குத் திட்டம் வகுத்தபோது முன்வைத்த நான்கு துறைகளில் விவசாயக் கருவிகளும் ஒன்று. சிறு ஆறுதலாக, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்தும், பல உதிரிபாகங்களுக்கான வரி 18 சதவீதத்திலிருந்தும் 5 சதவீதமாகக் குறைந்தது.

தவணை தவறினால்

பழுதுக்குப் பணம் கொடுத்துவிட்டுத் தவணையை விட்டுவிடுவதா, தவணையைக் கட்டிவிட்டு வண்டியை நிறுத்திவைப்பதா? வண்டி ஓடாவிட்டால் அடுத்த தவணைக்கும் வழியில்லை என்பதால் பலர் முதல் வழியையே எடுக்கிறார்கள். தவறு அதில் இல்லை. சொல்லாமல் செய்வதில்தான் இருக்கிறது. தவணை தேதிக்கு முன்பே ஒர்க்ஷாப் மதிப்பீட்டின் நகலோடு எழுத்தில் அவகாசம் கேட்பவருக்கும், போன் எடுக்காமல் ஒளிபவருக்கும் கடன் கொடுத்தவர் கண்ணில் வித்தியாசம் உண்டு. தவணையைத் தள்ளிப்போட ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ஆனால் தாமதத்துக்கான அபராதத்தை வட்டியில் ஏற்றி, அதற்கும் வட்டி போடுவதை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் உத்தரவில் தடுத்துவிட்டது.

ஜப்தி என்ற பயம் வெறும் கற்பனை அல்ல. 2022 செப்டம்பரில் ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டத்தில் டிராக்டரைக் கைப்பற்ற வந்தபோது, விவசாயி ஒருவரின் கருவுற்றிருந்த மகள் அதே டிராக்டரின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நாடு அதிர்ந்தது. அந்த நிதி நிறுவனம் வெளியாட்களைக் கொண்டு வசூலிக்கவும் வாகனங்களைக் கைப்பற்றவும் ரிசர்வ் வங்கி தடை விதித்தது. 2023 ஜனவரியில்தான் தடை விலகியது.

அடியாட்களை வைத்து வாகனத்தைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜெண்டுகள் போன் செய்யக் கூடாது என்பது 2022 ஆகஸ்ட் உத்தரவு. வண்டியை எடுக்கும் முன் நோட்டீஸ், விற்கும் முன் பணம் கட்ட ஒரு கடைசி வாய்ப்பு ஆகியவை கடன் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். மீறினால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. உதிரிபாகம், வாரண்டி, ஒர்க்ஷாப் பற்றிய தகராறுகளுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. சொந்த உழைப்பில் பிழைக்க டிராக்டர் வாங்கியவர் சட்டப்படி நுகர்வோரே.

பலருக்கும் தெரியாத உண்மை ஒன்று: வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்துவிடாது. ஏலத்தில் வந்த தொகை போக மீதி பாக்கி விவசாயி தலையில்தான். என்ஜின் படுத்த வண்டி ஏலத்தில் என்ன விலைக்குப் போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்பதே முடிவு என்றால், ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, கடன் கொடுத்தவரின் ஒப்புதலோடு தாமே விற்பது நஷ்டத்தைக் குறைக்கும். ஆர்.சி. புத்தகத்தில் அடமானக் குறிப்பு இருக்கும்போது ஒப்புதல் இல்லாமல் கைமாற்றினால் கிரிமினல் வழக்குவரை போகலாம்.

மண்டியில் நிற்கும் கௌரவம்

மோகா, தல்வண்டி சாபோ, மலோட் போன்ற ஊர்களில் பழைய டிராக்டர்களுக்கென்றே மண்டிகள் கூடுகின்றன. கழுவி, மெருகேற்றி, பூந்துணி கட்டி வரிசையாக நிற்கும் வண்டிகளில் ஒரு காலத்தில் சில கிலோமீட்டர்கூட ஓடாத புது வண்டிகளும் இருந்தன. கடனில் வாங்கி, மறுநாளே நஷ்டத்துக்கு விற்று, அந்தப் பணத்தில் பழைய கடனையோ மகள் கல்யாணத்தையோ சமாளித்தவர்களின் வண்டிகள் அவை. டிராக்டர் அங்கே உழவுக் கருவி அல்ல, ரொக்கம் எடுக்கும் வழி.

அதே பஞ்சாபில் மாற்று வழியும் இருக்கிறது. கூட்டுறவு சங்கங்கள் டிராக்டரும் கருவிகளும் வாங்கிவைத்து உறுப்பினர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஹோஷியார்பூர் மாவட்டத்தின் லாம்ப்ரா காங்ரி சங்கம் இதற்குப் பேர்போனது. 2014-15 முதல் மத்திய அரசும் வாடகை மையங்களுக்கு மானியம் தருகிறது. எட்டு ஏக்கருக்கு வருடம் ரூ. 1.85 லட்சம் தவணை கட்டுவதைவிட, வேண்டிய நாளில் வாடகைக்கு எடுப்பது மலிவு. ஆனால் எல்லோருக்கும் வேண்டிய நாள் ஒன்றாகவே இருப்பதுதான் சிக்கல். அதோடு, வாசலில் டிராக்டர் நிற்காத வீட்டுக்குப் பெண் கொடுப்பார்களா என்ற கேள்வி கிராமத்தில் இன்னும் ஓயவில்லை.

டிராக்டர் கடன் விண்ணப்பத்தில் விலைக்கு இடம் உண்டு, பதிவுக்கும் இன்ஷூரன்ஸுக்கும் இடம் உண்டு. மூன்றாவது வருடம் வரப்போகும் பழுதுக்கு மட்டும் இடமில்லை. ஒவ்வொரு அறுவடையிலும் தவணையோடு சேர்த்து ஐயாயிரமோ பத்தாயிரமோ தனியாக எடுத்துவைக்கும் குடும்பம், என்ஜின் படுக்கும் நாளில் ஆர்த்தியாவின் கடைக்குப் பாதிப் பணத்துக்காவது போக வேண்டியிருக்காது. 250 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றி, தினமும் ஏர் கிளீனரைச் சுத்தம் செய்பவருக்கு அந்த நாளே சற்றுத் தள்ளி வரும். அதற்குள் கடைசித் தவணையும் தீர்ந்திருந்தால், பழுதான வண்டியாவது அவருக்குச் சொந்தமாக இருக்கும்.