‘றீட்’ என்னுஞ் சொல்லின் வரலாறு

ஆங்கிலம் பயிலத் தொடங்குஞ் சிறுவன் முதன்முதற் கற்கும் வினைச்சொற்களுள் ‘றீட்’ என்பதும் ஒன்று. அதன் பொருள் யாதென வினவின் ‘வாசித்தல்’ என எவரும் விடையிறுப்பர். ஆயின், அச்சொல்லின் ஆதிப்பொருள் அதுவன்று. அதன் வரலாற்றை நாம் ஆராயுமிடத்து, வாசிப்பு என்பதுதான் யாது என்னும் வினாவுக்கும் விடை கிடைக்கின்றது.

பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ‘றேடன்’ என வழங்கிற்று. அறிவுரை கூறுதல், மறைபொருளை உய்த்துணர்ந்து விளக்குதல் என்பன அதன் பழம்பொருள்கள். கனவின் பயனை எடுத்துரைத்தலும் விடுகதையை அவிழ்த்தலும் இச்சொல்லாற் குறிக்கப்பட்டன. ஆங்கிலத்துக்கு இனமாகிய ஜேர்மன் மொழியில் இதனோடு உடன்பிறந்த ‘றாற்றன்’ என்னுஞ் சொல் அறிவுரை கூறுதல், ஊகித்தல் என்னும் பொருள்களை இன்றுந் தருகின்றது. தொல்காப்பியர் ‘பிசி’ எனக் குறித்த விடுகதைக்கு ஆங்கிலர் வழங்கும் ‘றிடில்’ என்னும் பெயரும் இவ்வேரினின்று கிளைத்ததே.

அறிவுரை என்னும் பொருளுக்கு இங்கிலாந்தின் அரசரொருவர் பெயர் சான்றாகும். 978 ஆம் ஆண்டில் அரியணையேறிய எதெல்றெட் என்பாரின் பெயருக்கு ‘மேன்மைமிகு அறிவுரை’ என்பது பொருள். டேனியரின் படையெடுப்பைத் தடுக்கமாட்டாது, பெருந்திறை கொடுத்துப் பன்முறை அவரை விலக்க முயன்ற அவ்வரசருக்குப் பிற்காலத்தார் ‘உன்றேட்’, அஃதாவது ‘நல்லறிவுரை அற்றவர்’, என அடைகொடுத்து எள்ளினர். பெயரும் அடையும் முரணி நிற்பதே அவ்வெள்ளலின் நயம். சொல்லின் பழம்பொருள் மறைந்தபின், அவ்வடை ‘அன்றெடி’ எனத் திரிந்து, ‘ஆயத்தமில்லாதவர்’ எனப் பிறழ உணரப்படலாயிற்று.

இனி, இச்சொல் ஏட்டை வாசித்தலைக் குறிக்க வந்தவாறு நோக்குதற்குரியது. வாசித்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய ‘லெகெரே’ என்பதற்கு முதற்பொருள் ஒன்றுசேர்த்தல். ஜேர்மன் மொழியின் ‘லேசன்’ என்பதும் அத்தகையதே. திராட்சைக் கனிகளைக் கொய்து சேர்த்தற்கும் அச்சொல் உரியது. ஆங்கிலரோ வேறுவழிச் சென்றனர். அவர்தம் முன்னோர் மரத்திலும் கல்லிலும் எலும்பிலும் ‘றூன்’ எனப்படும் எழுத்துக்களைக் கீறினர். எழுதுதலைக் குறிக்கும் ‘றைற்’ என்பதன் பழம்பொருளும் கீறுதலே. ‘றூன்’ என்பதற்கு இரகசியம் என்றும் பொருளுண்டு. இரகசியத்தைத் தாங்கிய கீறலைக் கண்டு அதன் கருத்தை வெளிக்கொணர்தலுக்கு, விடுகதையை அவிழ்த்தற்குரிய சொல்லே வழங்கியமை மிகப் பொருத்தமுடைத்து.

தமிழில் நாம் வீணையையும் வாசிக்கின்றோம், நூலையும் வாசிக்கின்றோம். ஒலியெழுப்புதல் இரண்டிற்கும் பொதுவாய் நிற்கின்றது. ‘றீட்’ என்பதிலோ உணர்தலே முன்னிற்கும். ‘வாசிக்கிறேன்’ என்பதற்கும் ‘வாசித்தேன்’ என்பதற்கும் ஆங்கிலத்தில் அவ்வினையின் எழுத்து வடிவம் ஒன்றே. ஒலி மாத்திரம் ‘றீட்’, ‘றெட்’ என வேறுபடும். தொடரின் போக்கைக் கொண்டு காலத்தை உணர்ந்தாலன்றி அதனைச் சரிவர ஒலித்தலும் இயலாது. முன்னர் உணர்வு, பின்னரே ஒலி. இச்சொல் தன்னை வாசிப்போர்க்குத் தானே ஒரு சிறு விடுகதையாய் அமைந்துள்ளது.

முகத்தை நோக்கி மனத்தை அறிதலையும் வானத்தை நோக்கி மழையை உணர்தலையும் ஆங்கிலர் இன்றும் இச்சொல்லாற் சுட்டுவர். அவ்விடங்களில் எழுத்துமில்லை, ஒலியுமில்லை. உய்த்துணர்தல் ஒன்றே உண்டு.

பரீட்சைக் குறிப்புக்களை நெட்டுருப்பண்ணி ஒப்புவிக்கும் மாணவன் எழுத்துக்களை ஒலித்தவனாவான். அச்சொல்லின் முழுப்பொருளில் வாசித்தவனாகான். கூறியது யாது, கூறாது விட்டது யாது, அதனாற் கொள்ளத்தக்கது யாது எனத் துருவி உணர்பவனே வாசித்தவன். அவ்வாறு உணர்ந்தவனிடத்தே பிறர் அறிவுரை நாடிச் செல்வர். உய்த்துணர்தலையும் அறிவுரை கூறுதலையும் பண்டை ஆங்கிலர் ஒரே சொல்லில் அடக்கியதன் நுட்பம் அப்போது நமக்கு நன்கு விளங்கும்.