‘ஓரிரு இடங்களில்’ என்பதன் பொருள்

சித்திரை பிறந்தால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கான வானிலை அறிக்கையில் அடிக்கடி காணும் செய்தி ஒன்று உண்டு: வரும் நாட்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யலாம், பலத்த காற்று வீசலாம். எந்த ஊரில் என்று சொல்லாத அறிக்கையால் என்ன பயன் என்று மாந்தோப்பு வைத்திருப்பவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. கிளிமூக்கு மாங்காய் முற்றாத நேரத்தில் கால்மணி நேரச் சூறைக்காற்று போதும், ஒரு வருடத்துப் பாடு மண்ணில் உருளும். உதிர்ந்த பிஞ்சு பழுக்காது. ஊறுகாய்க்கு வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். ஆனாலும் ‘ஓரிரு இடங்களில்’ என்பது நழுவல் பேச்சு அல்ல, அதற்கு அளவு இருக்கிறது. ஒரு வட்டாரத்தின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மேல் மழை பதிவாகாது என்று கணித்தால்தான் வானிலைத் துறை அப்படி எழுதும். அந்தப் பங்கு 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘சில இடங்களில்’ என்றாகிவிடும். எந்த ஊர் என்று ஒரு வாரம் முன்பே சொல்லத் துணிந்தால்தான் அது பொய்யாகும்.

புயல் சின்னத்தை மட்டும் நாட்கணக்கில் முன்பே சொல்கிறார்களே என்ற கேள்வி வரும். 2021 நவம்பர் 18 அன்று திருப்பதியை வெள்ளக்காடாக்கி, திருமலை மலைப்பாதைகளை மூடவைத்தது வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். மறுநாள் அதிகாலை சென்னைக்கு அருகே அது கரையைக் கடந்தது. பல நூறு கிலோமீட்டர் அகலமுள்ள அமைப்பு கடலில் நகர்வதைச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடரலாம். கோடை இடிமேகத்தின் அகலமோ பெரும்பாலும் பத்து, இருபது கிலோமீட்டர், ஆயுள் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாறை நிலம் காய்கிறது, வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று வருகிறது, சேஷாசல மலைச்சரிவு அதை மேலே தள்ளுகிறது. பிற்பகலில் எங்கோ ஓரிடத்தில் மேகம் கோபுரமாக எழுகிறது. அதிலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் பரவி, சில கிலோமீட்டர் தள்ளி அடுத்த மேகத்தைக் கிளப்புகிறது. இந்த வாரம் காற்றில் ஈரமும் கொந்தளிப்பும் கூடும் என்பதைக் கணினி முன்பே சொல்லிவிடும். இன்னும் பிறக்காத மேகத்துக்கு அதனால் முகவரி தர முடியாது. திருப்பதிக்குப் பக்கத்திலேயே காதங்கியில் 1,024 ஆன்டெனாக்கள் கொண்ட ரேடார் 1990களிலிருந்து வளிமண்டலத்தை ஆராய்கிறதே என்றால், அது தன் தலைக்கு மேலுள்ள காற்றோட்டத்தை அளக்கும் கருவி. மழைமேகத்தைத் துரத்தும் டாப்ளர் ரேடார்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலும் சென்னையிலும் இருக்கின்றன. அவையும் உருவான மேகத்தைத்தான் காணும்.

ஆகவே வார அறிக்கையைக் கேட்பது வேலைகளைத் திட்டமிட: முற்றிய காயை முன்கூட்டிப் பறிப்பது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது, அறுத்த நெல்லைக் களத்தில் விடாமல் இருப்பது. உயிரைக் காக்க வேண்டிய நேரத்துக்கு வேறு தகவல் இருக்கிறது. மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பும், மின்னலைக் காட்டும் ‘தாமினி’ செயலியும் அதற்குத்தான். பத்து முறை குறுஞ்செய்தி வந்தது, ஒரு முறைகூட நம் ஊரில் இடி விழவில்லை என்பது பலரின் அலுப்பு. அடுத்த ஊரில் விழுந்திருந்தால் அந்த எச்சரிக்கை பலித்ததாகத்தான் கணக்கு. ஆனால் அலுப்பு உண்மையானது, ஆபத்தானதும்கூட. அதைத் தீர்க்க எச்சரிக்கையின் எண்ணிக்கையைக் குறைப்பதைவிட, என்ன செய்ய வேண்டும் என்பதை அதிலேயே எழுதுவது மேல் என்பேன். ஆடு மேய்ப்பவர் மழைக்கு முதலில் ஒதுங்குவது மாமரத்தடியில்தான். மரத்தில் இறங்கும் மின்னல் அருகில் நிற்பவர் உடல்மீதும் பாயும். மின்னல் தெரிந்ததும் ஒன்று, இரண்டு என நொடிக்கொன்றாக எண்ணத் தொடங்கி, முப்பதைத் தொடுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போதே கான்கிரீட் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடி ஓய்ந்து அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும்.